நாலு மூவில் முடித்த ஆட்டம்

போன வருஷம், தசராவுக்கு முந்தைய மாதம். மைசூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. ஹால் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டில், ஒரு டீப்பாய், ஜன்னலோரம் என் தையல் மிஷின், அவ்வளவுதான் இடம். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. அங்கே நாங்கள் நாலு பேர்: நான், என் வீட்டுக்காரர், ஐந்தாவது படிக்கும் மகள், என் மாமனார். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் பெரும்பாலும் செகண்ட் ஷிஃப்ட். மத்தியானம் போனால் நாங்கள் தூங்கின பிறகுதான் வருவார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். தசரா மாதத்தில் மைசூரில் தையல்காரி வீடு எப்படி இருக்கும் என்று தைக்கக் கொடுத்தவர்களுக்கே தெரியும்.

மாமனாருக்குக் கொள்ளேகால் பக்கம். கவர்மென்ட் பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். அதுவும் மாதேஸ்வரன் மலை ரூட்டில். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது, ஹாரன் சத்தத்தை வைத்தே லாரியா, பஸ்ஸா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லிவிடுவாராம். ஒரு தடவை கூட வண்டியை இடித்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அத்தை போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார்.

அதற்கு முந்தின வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, குச்சி இல்லாமல் நடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். காலையில் பேத்தியைக் கையைப் பிடித்து ரோடு தாண்டி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வேலைக்காகவே குளித்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு முன்னாலேயே ரெடியாக உட்கார்ந்திருப்பார்.

பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் சொன்னாள், கைக்கும் தலைக்கும் சேர்த்து ஏதாவது வேலை கொடுங்கள், செஸ் தெரியும் என்றால் ரொம்ப நல்லது என்று. அவருக்குச் செஸ் தெரியும். டிப்போவில் கண்டக்டர்களோடு ஆடிக் கற்றுக்கொண்டது. பிஷப்பைக் கன்னடக்காரர்கள் மாதிரி ஒட்டகம் என்பார். சாயந்திரம் ஆனதும் டீப்பாயில் போர்டை விரித்து, ஒவ்வொரு காயாக அந்த வலது கையால் எடுத்து வைப்பார். விரல் நடுங்கும். ஒரு சிப்பாயை நிறுத்தப் போனால் பக்கத்தில் இருப்பது விழும். மறுபடி நிமிர்த்துவார். எல்லாம் வைத்து முடித்த பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணி, ஒரு ஆட்டம் போடலாமா?" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. எனக்குச் செஸ் வந்த கதை வேறு. மகளை ஞாயிற்றுக்கிழமை செஸ் கிளாஸில் விட்டுவிட்டு, மற்ற அம்மாக்களோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சார் பெரிய காந்தப் பலகையில் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று பாடம் எடுப்பார். நடுக் கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் முதலில் வெளியே கொண்டு வா, ராஜாவைச் சீக்கிரம் ஓரமாகப் பத்திரப்படுத்து, ராணியை அவசரப்பட்டு எடுக்காதே. பிள்ளைகளை விட நான்தான் கவனமாகக் கேட்பேன். எதிராளியைத் தொடக்கத்திலேயே மாட்ட வைக்கும் சில பொறிகளையும் சார் காட்டினார். நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது என்று சொன்னார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மாமனாரோடு ஒரு ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. அவர் ஒரு காயைத் தொடுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் பார்ப்பார். தொட்ட பிறகும் யோசிப்பார். அதற்குள் எனக்குக் குக்கர் விசில் வரும், பால்காரர் வருவார், மிஷினில் பாதி தைத்த பிளவுஸ் கை தொங்கிக்கொண்டிருக்கும். தசரா ஆர்டர் வர ஆரம்பித்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலை இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் மாமா என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். ஆனால், நல்ல மருமகள் என்கிற பெயரும் எனக்கு வேண்டும், நேரமும் வேண்டும்.

ஒரு நாள் அந்த நாலு மூவ் பொறியைப் போட்டேன். செஸ் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். எதிராளியின் ராஜா பக்கத்தில் ஒரு சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. என் பிஷப்பும் ராணியும் தூரத்தில் இருந்தே அந்தச் சிப்பாயைக் குறிவைக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ராணி தனியாக ஓரத்தில் வந்து நிற்பது மட்டும்தான் கண்ணில் படும். உடனே குதிரையை எடுத்து ராணியை விரட்டப் போவார்கள். மாமனாரும் அதைத்தான் செய்தார். "உன் ராணி வசமா மாட்டுச்சு அம்மிணி" என்று சந்தோஷமாகக் குதிரையை வைத்தார். நான் ராணியால் அந்தச் சிப்பாயை வெட்டி, "செக்மேட் மாமா" என்றேன். டம்ளரில் டீ ஆறக்கூட இல்லை.

அவர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்து, இன்னொரு ஆட்டம் கேட்டார். நாளைக்கு ஆடலாம் மாமா என்று மிஷினுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் அவர் ராணியை முன்னால் கொண்டுவந்து அந்தச் சிப்பாய்க்குக் காவல் வைத்துவிட்டார். அன்றைக்கு முழு ஆட்டம் ஆட வேண்டியதாகிவிட்டது. எனக்கு எரிச்சல். அதனால் சார் காட்டின இன்னொரு பொறிக்கு மாறினேன். அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் எனக்கு வாய் கூசுகிறது.

அந்தப் பொறியில் எதிராளியின் பிஷப் என் குதிரையைக் குறிவைத்து நிற்கும். குதிரைக்குப் பின்னால் என் ராணி. குதிரையை நகர்த்தினால் ராணி போய்விடும் என்பது பார்த்தாலே தெரியும். வேண்டுமென்றே நகர்த்த வேண்டும். அவர் ராணியை வெட்டினால் இரண்டே மூவில் ஆட்டம் முடிந்துவிடும்.

நான் குதிரையை நகர்த்தி அவருடைய ஒரு சிப்பாயை வெட்டினேன். மாமனார் கையை நீட்டினவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "அம்மிணி, கவனிக்காம வெச்சுட்டே. ராணி போயிருமே. திருப்பி எடுத்துக்க" என்றார். "தெக்கிற அவசரம் உனக்கு. எடுத்துக்க, எடுத்துக்க."

"பரவாயில்ல மாமா, வெச்சது வெச்சதுதான். நீங்க வெட்டுங்க" என்றேன்.

தயங்கித் தயங்கித்தான் வெட்டினார். என் ராணியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார், எனக்காக வருத்தப்படுகிற மாதிரி. நான் பிஷப்பால் ஒரு செக் வைத்தேன், ராஜா ஒரு அடி ஏறியது, இன்னொரு குதிரையைக் கொண்டுவந்தேன். முடிந்தது. கையில் என் ராணியை வைத்துக்கொண்டே அவர் தன் ராஜாவுக்கு இடம் தேடினார். இடம் இல்லை.

அன்று என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். "அம்மா, இது சார் சொன்னதுதானே? தாத்தாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். நான் முறைத்த முறைப்பில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அவர் இரண்டாவது ஆட்டம் கேட்பதை நிறுத்தினார். பிறகு போர்டை விரிப்பதையும் நிறுத்தினார். "உனக்கு வேலை கெடக்கும் அம்மிணி, நீ பாரு" என்பார். மெய்யாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிளவுஸ் வேகமாக முடிந்தது. சாப்பாடு பாதியில் வைப்பதைக் கவனித்தேன், வெயில் என்று நினைத்தேன். டிவி முன்னால் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் இருப்பதையும் கவனித்தேன். அத்தை ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மகள் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, "தாத்தா, பேக பன்னி" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினாள். அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "இனிமே அம்மாகூடப் போ கண்ணு" என்றார். கால் வலியா மாமா என்றால் இல்லை என்றார். மறுநாளும் வரவில்லை. அயர்ன் பண்ணின சட்டை ஆணியிலேயே தொங்கியது.

என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். திரும்ப ஸ்ட்ரோக் ஏதாவது வந்திருக்குமோ என்று, லீவ் போட்டுவிட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

டாக்டர் கன்னடத்தில், "ஏனு ஆய்த்து அஜ்ஜா?" என்ன ஆச்சு தாத்தா என்று கேட்டார். மாமனார் கன்னடமும் தமிழுமாக மெதுவாகச் சொன்னார். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"எனக்கு மூளை போயிருச்சுங்க சார். செஸ் ஆடினா நாலே மூவ்ல தோத்துப் போயிர்றனுங்க. தினமும். முன்னெல்லாம் இப்பிடி இல்லீங்க. ராணியே கையில கெடைச்சும் தோக்கறனுங்க. மருமக பாவம், எனக்காக ஒக்காந்து ஆடறா. பேத்திய ரோடு தாண்டிக் கூட்டிட்டுப் போறேன். கண்ணு முன்னால இருக்கற காயே தெரியாதவனுக்கு வர்ற வண்டி எப்பிடித் தெரியுமுங்க? குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அத்தை போன அன்றைக்கு.

நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. டாக்டர் அவரைக் கையைத் தூக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு காரணமும் இருக்கலாம், ஒரு விளையாட்டினால் இப்படி ஆகுமா, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். மாமனார் மோதிரத்தைக் கழற்றினார். வெள்ளித் தாயத்து கோத்த அரைஞாண் கயிற்றைக் கழற்ற வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து இடுப்பில் இருப்பது. அந்த வலது கை முடிச்சோடு போராடியது. என் வீட்டுக்காரர் மறைப்பாக நின்று வேட்டியைப் பிடித்துக்கொள்ள, அங்கிருந்த பையன் கத்தரிக்கோலால் வெட்டினான். வெட்டின அரைஞாணை மாமனார் என் கையில் கொடுத்தார். என் முகம் எப்படி இருந்ததோ, "பயப்படாதே அம்மிணி. உள்ளார போய்ப் படுத்துட்டு வர வேண்டியதுதான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமா, உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் அப்படி ஆடினேன்" என்று ஆரம்பித்தேன். கிளாஸில் கேட்டது, நாலு மூவ் பொறி, அது பலிக்காத அன்றைக்கு வேறு பொறி, ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று தெரிந்தே தினமும் செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் புரிந்திருக்குமோ புரியாதோ. புரிந்தவர்கள் மாதிரிதான் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. "ஏம்புள்ள, அவரு சோறு திங்காம ஒக்காந்திருந்ததை நீ பாத்துட்டேதானே இருந்தே?" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

மாமனார் என்னைக் கேட்டார்: "அப்ப அன்னிக்கு அந்த ராணிய நீ தெரிஞ்சேதான் வெச்சியா?"

"ஆமா மாமா."

"நாந் திருப்பி எடுத்துக்கச் சொன்னனே."

அதற்குள் உள்ளே இருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை.

ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. டாக்டரிடம் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, "அதுல மாட்டாதவங்க யாரு அஜ்ஜா? ஸ்கூல் படிக்கறப்ப நானே மாட்டியிருக்கேன்" என்றார். மாமனார் சிரிக்கவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரோடு தாண்டலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, உடு" என்றார். திட்டவும் இல்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வேனுக்கும் போகவில்லை. டாக்டர் சொன்னாலும், நான் சொன்னாலும், ஒரு மாதமாக அவர் மனதில் இறங்கினது ஒரு ஸ்கேனில் போய்விடுமா? தன் தலையை நம்பலாம் என்று அவருக்கு அவரே திரும்பவும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வழி என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானே போர்டை எடுத்தேன். மிஷின் மேல் மூடியைப் போட்டேன். ஷெல்ஃபில் துணி குவிந்து கிடந்தது. காயை எல்லாம் அடுக்கிவிட்டு, "மாமா, நான் எப்படி ஜெயிச்சேன்னு உங்களுக்குக் காட்டட்டுமா?" என்றேன்.

"உனக்குத்தான் வேலை கெடக்குதே."

குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. "கெடக்கட்டும் மாமா" என்றேன். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தார்.

ஒவ்வொரு மூவாகக் காட்டினேன். ராணி வந்து நின்றதும், எங்கே பார்க்க வேண்டும், அந்தச் சிப்பாயை எது எது குறிவைக்கிறது என்று விரலால் கோடு போட்டுக் காண்பித்தேன். குதிரையை எடுப்பதற்கு முன், ராணிக்கு எதிரில் ஓரத்துச் சிப்பாய்க்குப் பக்கத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும், ராணி பின்வாங்கியே ஆக வேண்டும். ராணி பின்வாங்கி வேறு இடத்தில் இருந்து குறிவைத்தால், அப்போது அதே குதிரையை அதே இடத்தில் வைக்கலாம், வழி அடைபட்டுவிடும்.

அவர் தானே காய்களைப் பழைய இடத்தில் வைத்து, தானே ஆடிப் பார்த்தார். ஒரு சிப்பாய் கை நடுங்கி விழுந்தது. நான் எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரே நிமிர்த்தினார். மறுபடி ஆடினார். பிறகு குதிரையைத் தொட்டுக்கொண்டே, "அப்ப குதிரை தப்பில்ல. கொஞ்சம் முந்தி வந்துருச்சு, அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, அவருக்கே சொல்லிக்கொண்டார்.

"அந்த ராணி ஆட்டத்தையும் காட்டு" என்றார்.

அதை மறுபடி அவர் முன்னால் ஆடியதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. குதிரையை நகர்த்தி ராணியைத் திறந்துவிடும் இடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமலேயே காயை வைத்தேன். இங்கே ராணியைத் தொடாமல் என் குதிரையை வெட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு சிப்பாய்தான் நஷ்டம், ஆட்டம் நடந்துகொண்டே இருந்திருக்கும் என்றேன். தலையை ஆட்டினார்.

அதன் பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் நான் டிஃபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆணியில் இருந்த சட்டை இல்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று, வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்கூட்டர் வந்தது, அது போகும் வரை நின்று, அப்புறம்தான் காலை எடுத்து வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கிப் போனது.

இப்போது தினமும் ஆடுவதில்லை. பேத்தியோடு ஆடுகிறார், ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆடுகிறார். ஆட்டம் எவ்வளவு நேரம் போகிறதோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேச்சு பழையபடி வந்துவிட்டது, "அம்மிணி" என்று கூப்பிடுகிறார். ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. நான் நிஜமாகவே கவனிக்காமல் ஒரு காயை விட்டுவிட்டால், முன்பு போலத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. வெட்டுவதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். அதில் கோபம் கிடையாது. வளைவில் ஹாரன் சத்தம் கேட்டால் பார்ப்பாரே, அப்படி ஒரு ஜாக்கிரதை. ஒரு வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்பது வாங்கினவளுக்குத்தான் தெரியும்.

அந்த தசராவுக்கு எல்லா ஆர்டரையும் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தேன். அதில் ஒரு பிளவுஸின் நிறம் கூட எனக்கு நினைவில்லை. இப்போது வயதானவர்கள் யாராவது அளவு கொடுக்க வந்து, கழுத்து எப்படி வேண்டும் என்று மெதுவாக, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கும்போது, சரி சரி என்று அவர்களை முடித்து அனுப்ப இன்னமும் எனக்கு வாய் வருகிறது. உடனே முகமெல்லாம் சூடாகி, மிஷினில் இருந்து காலை எடுத்துவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்து கேட்கிறேன்.